லேடீஸ்ல பத்து இருக்கா?

பெட்டிகளை எப்படி அடுக்குவது, பில் போடும் கணினி நின்றுபோனால் என்ன செய்வது, பண்டிகைக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு எப்படி மாறி மாறிப் போவது என்பதையெல்லாம் இந்தச் செருப்புக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார். நான் பேசப்போவது ஒரு வாடிக்கையாளரைப் பற்றி மட்டும். அவளைப் பற்றிப் பேசினால் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்ன மாதிரி. மீதிப் பாதியை நீங்களே இடித்துக்கொண்டு கற்றுக்கொள்வீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் சரஸ்வதி. முதலில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன செருப்புக் கடையில் இருந்தேன். பிறகு கேளம்பாக்கத்தில் இந்தக் கடை திறந்தபோது இங்கே வந்துவிட்டேன். லேடீஸ் பிரிவு என் பொறுப்பு. முட்டி ஒத்துழைக்க மறுத்ததால் போன வருடம் ஓய்வு பெற்றேன். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை இது. இப்போதே முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை என்றால் படூர் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு இங்கேதான் இருப்பார்கள். உட்கார இடமில்லை. ஒரு குழந்தை அழுகிறது, இன்னொன்று பெட்டிகளைக் கலைக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெண் வந்தாள். பெயர் மஞ்சரி. அது எனக்குப் பிறகுதான் தெரியும் என்றாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முப்பது வயது இருக்கும். பருத்திச் சுடிதார், பின்னிய தலை, கொஞ்சமாகப் பவுடர். திருநங்கை. உயரமும் தோளும் சொன்னதைக் குரலும் சொன்னது. தன்னைப் பார்த்ததும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் நடந்து வந்த விதத்திலேயே அது இருந்தது. யாருடைய கண்ணையும் பார்க்காமல், அலமாரியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சேர்ந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த சதீஷ் என்ற பையன் அவளிடம் போனான். வயது இருபத்திரண்டு, திருப்போரூர். சுறுசுறுப்பான பையன்.

"மூடின கட் ஷூ வேணும். கறுப்பு. கொஞ்சமா ஹீல்ஸ் இருந்தா போதும். எட்டாம் நம்பர்" என்றாள்.

சதீஷ் அவள் காலைப் பார்த்தான். கால் அளவைக் கண்ணாலேயே சொல்ல அவன் அப்போதுதான் பழகியிருந்தான். புதிதாகப் பழகிய வித்தையை யாரும் சும்மா வைத்திருப்பதில்லை.

"இன்னாக்கா எட்டுன்றீங்க? உங்க காலு பத்து ஆவும். லேடீஸ்ல எட்டோட முடிஞ்சுது. ஜென்ட்ஸ் பக்கம் வாங்க, அங்க கீது."

அவன் குரல் கொஞ்சம் பெரியது. கடையில் ஒரு பகுதி அப்படியே அமைதியானது. செருப்பு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். மனைவிக்காகக் காத்துக்கொண்டிருந்த ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். மஞ்சரி நகரவில்லை. அவள் கை மட்டும் துப்பட்டாவின் நுனியைச் சுருட்ட ஆரம்பித்தது.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சதீஷைத் திட்டலாம். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம். இரண்டும் நியாயம்தான். ஆனால் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதுவரை காதில் விழாதவர்களுக்கும் விழுந்துவிடும். நான் இரண்டையும் செய்யவில்லை.

"சதீஷு, அந்தக் கொழந்தைக்கு ஸ்கூல் ஷூ எடு" என்று அவனை அந்தப் பக்கம் அனுப்பினேன். அவளிடம், "வாம்மா, எட்டு கொண்டாறேன். இங்க வெளிச்சம் சரியில்ல, அந்தாண்ட உக்காரு" என்றேன்.

வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். குழந்தைகள் பகுதியின் மூலையில் ஒரு இருக்கை இருந்தது. அதில் உட்கார்ந்தால் கடைக்கு முதுகு காட்டி உட்காரலாம். அவள் அங்கே உட்கார்ந்தாள். நான் எட்டாம் நம்பரைக் கொண்டுவந்தேன். அவள் தன் செருப்பைக் கழற்றினாள். குதிகால் வெளியே தொங்கும் செருப்பு அது. சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடிந்து அப்படியே நிலைத்திருந்தது. கட்டைவிரல் நகத்தின் ஓரம் கறுத்திருந்தது. பல வருடங்களாகச் சின்ன செருப்புக்குள் இருந்த கால்.

ஷூ ஏறவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தாள். எழுந்து நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிக்கிற ஷூவைப் போட்டுப் பார்க்கும் கல்யாணப் பெண்கள் அப்படிச் சிரிப்பார்கள்.

"திங்கக்கெழம வேலைல சேர்றேங்க்கா. மகாபலிபுரம் தாண்டி, ஈசிஆர்ல ரிசார்ட்டு. ஃப்ரன்ட் ஆபீஸ், வர்ற கெஸ்ட்ட வரவேற்கற வேல. பொடவ அவங்க தர்றாங்க, ஷூ நாமதான் வாங்கிக்கணும். இதுவே குடுங்க."

"ரொம்பப் புடிக்குதேம்மா."

"தோலுதானே. போடப் போட வுட்டுக்குடுக்கும்."

"தோலு வுட்டுக்குடுக்கும். எலும்பு குடுக்காது. இத நான் தர மாட்டேம்மா."

செங்கல்பட்டுக் கடையில் எனக்கு மேலே இருந்தவர் முதல் நாளே எனக்குச் சொன்ன ஒரே விதி, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே என்பது. அதை நான் அநேகமாக மீறியதே இல்லை. அன்றைக்கு மீறினேன். காரணம் பெரிய கருணை எல்லாம் இல்லை. அந்த நகம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே பெட்டியை மூடிக் கொடுக்க வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. விழத்தான் செய்யும்.

"ஏன் தர மாட்டீங்க? எங்களுக்குன்னா விக்க மாட்டீங்க, அதானே?" அவள் குரல் ஏறியது. ஏறியதும் தடித்தது. தடித்தது தனக்கே கேட்டதும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "காசு குடுத்துதானே வாங்கறேன்? ஓசில கேக்கறேனா?"

இப்போது கடை முழுவதும் திரும்பிவிட்டது. ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். நான் எழுந்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். வேண்டுமானால் என் முதுகைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். கல்லாவிலிருந்து முதலாளி வந்தார்.

"இன்னா சரசு? சனிக்கெழமைல பேஜாரு வாணாம். கேட்டத குடுத்து அனுப்பு."

முதலாளி சொல்கிறார், வாடிக்கையாளரும் கேட்கிறாள், பணமும் தயார். விற்பதற்கு இதைவிட வசதியான நேரம் வராது. நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும். எல்லாரும் சேர்ந்து உங்களைச் சுலபமான வழியில் தள்ளுவார்கள்.

நான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "உனக்குன்னு இல்லம்மா. இதப் போட்டுக்கினு நாள் முழுக்க நின்னா ஒரு வாரத்துல நொண்ட ஆரம்பிச்சிடுவ. அங்க இருக்கறவங்க உன்னப் பார்க்கறதுக்கு அது ஒண்ணு கெடச்சிடும். அத எதுக்கு நீயே குடுக்கற?"

அவள் என்னைப் பார்த்தாள். ஷூவைக் கழற்றினாள், கழற்றவும் சிரமப்பட்டாள். தன் செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஷேர் ஆட்டோவில் ஏறுகிற வரை பார்த்தேன். நடுவில் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்குத் தேவைக்கு அதிகமாகவே இடம் விட்டார்கள்.

"வித்திருந்தா கம்முனு போயிருப்பா" என்றார் முதலாளி.

மறுநாள் டீ நேரத்தில் சதீஷ் என்னிடம் வந்தான். இரவெல்லாம் அவனுக்கு அது உறுத்தியிருக்கிறது. "யக்கா, நான் இன்னா தப்பா சொன்னேன்? பத்துதானே ஆவும்?"

"ஆவும்."

"அப்புறம்?"

"அவ உன்கிட்ட கேட்டா. நீ கடைக்கே பதில் சொன்ன."

இங்கே பெட்டி தூக்குகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதுதான். நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எத்தனை காதுக்குப் போக வேண்டும் என்றும் பார்க்க வேண்டும்.

அவள் திரும்பி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து, வேலை நாளில், கடையைப் பெருக்கி முடித்த நேரத்தில் வந்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள். காலில் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. வலது கட்டைவிரலில் கட்டு.

அன்றைக்கே வேறு ஒரு கடையில் எட்டாம் நம்பர் வாங்கிவிட்டாளாம். முதல் வாரம் சமாளித்தாளாம். இரண்டாவது வாரம் நகம் பெயர்ந்து, சீழ் வைத்து, மருத்துவரிடம் போயிருக்கிறாள். நான் சொன்னது நடந்தது என்று அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அதைக் கேட்டு வாங்குவதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை.

"மேனேஜரு நல்லவருதாங்க்கா. நொண்டறதப் பார்த்துட்டு, ஜென்ட்ஸ் ஷூ போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாதுன்றாரு. இல்லாட்டி உள்ள ரூம்ல ஒக்காந்து ஃபோன் எடுன்றாரு. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"உள்ள ஒக்காந்தா காலுக்கு நல்லதுதானேம்மா?"

"உள்ள போயிட்டா திரும்ப வெளிய வர முடியாதுங்க்கா. எங்கள மாரி ஆளுங்களுக்கு உள்ள ரூம்பு எப்பவும் ரெடியா இருக்கும். நாலு எடத்துல பார்த்துட்டேன். வெளிய நிக்க வெச்ச மொத எடம் இதுதான்."

ஜென்ட்ஸ் ஷூவைப் பற்றிக் கேட்டேன். அதற்கு முன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில், பழைய பெயரில், பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறாள். "சட்டைய மறந்துடலாம். பேர் சொல்லிக் கூப்புடறதக்கூட மறந்துடலாம். காலைல ஒக்காந்து அந்த லேஸ் கட்டுவேன் பாருங்க, அப்பத்தான் இன்னிக்கும் இவனாதான் போறோம்னு இருக்கும். இன்னொரு தடவ என்னால கட்ட முடியாதுங்க்கா."

நான் செய்தது என்ன தெரியுமா? ஆறுதல் சொன்னேன். நம் தொழிலில் அது கைப்பழக்கம். பொத்தேரியில் படிக்கிற ஒரு வாலிபால் வீராங்கனை என்னிடம் வாடிக்கையாக வருவாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கதவைத் திறக்கும்போதே "ஆன்ட்டி, லேடீஸ்ல பத்து இருக்கா?" என்று கத்திக்கொண்டுதான் வருவாள். இருக்காது. சிரித்துக்கொண்டே ஜென்ட்ஸ் பக்கம் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூவை எடுத்துக்கொண்டு போவாள். அவளைப் பற்றிச் சொல்லி, "பொண்ணுங்களுக்கும் பத்து இருக்கும்மா, நீ ஏன் இவ்ளோ மனசுல வெச்சிக்கற?" என்றேன்.

மஞ்சரி கோபப்படவில்லை. சின்னக் குழந்தைக்கு விளக்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அவளுக்குப் பத்துன்றது ஒரு நம்பருங்க்கா. எனக்கு அது சாட்சி. முடி வளத்தேன், லேசர் பண்ணேன், ஆபரேஷன் பண்ணிக்கினேன், கொரலுக்குக்கூட கிளாஸ் போனேன். எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம். கையும் காலும் மட்டும் எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அது எப்பவும் எனக்கு எதிராச் சாட்சி சொல்லிக்கினே இருக்கும். அவ கத்திக்கினே உள்ள வரலாம். அவ பொண்ணான்னு யாரும் கேக்கப் போறதில்ல."

பதில் இல்லாதபோது எதையாவது சொல்லி இடத்தை நிரப்பாதீர்கள். நான் உள்ளே போய் ஒரு பழுப்புத் தாளும் பென்சிலும் எடுத்துவந்தேன்.

"காலு வைம்மா. வரைஞ்சிக்கறேன்."

இதுவரை யாரும் அவள் காலை அளந்ததில்லை. அவள் அளக்க விட்டதில்லை. கட்டு இல்லாத காலைத் தாளின் மேல் வைத்துவிட்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி போடும்போது திருப்பிக்கொள்வது போல. பென்சில் ஓரத்தில் சுற்றி வந்தது. முடித்ததும் அடிக்கோலை வைத்து அளந்தேன்.

"பத்து இல்லம்மா" என்றேன். "ஒம்பதரை. அகலந்தான் பத்து மாரி காட்டிக்கினு இருந்திருக்கு."

சதீஷ் கண்ணும் தப்பு, என் கண்ணும் தப்பு. அவள் சட்டென்று திரும்பினாள். "அரை நம்பரு கம்மியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குக் கடையில் நின்றபோது சிரித்த சிரிப்பு இல்லை. சத்தமாக, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். பிறகு தாளை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். வெறும் கோடு. தோள் இல்லை, தாடை இல்லை, குரல் இல்லை.

"இவ்ளோதானா?" என்றாள். "இத்தப் பார்த்தா யாரு காலுன்னே சொல்ல முடியாது போலக் கீது."

நமக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்களில் ஆம்பூர்க்காரர் ஒருவர் உண்டு. எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகப் பெண்கள் ஷூ தைக்கிறார்கள். சின்னக் குறை இருந்தால் கப்பலேறாமல் நின்றுவிடும். அந்த நாட்டுப் பெண்களுக்குக் கால் நீளம். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "நம்ம ஒம்பதரைன்னா அவங்க கணக்குல நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு. அதெல்லாம் அங்க சாதாரணம்மா. கெடந்தா எடுத்தாறேன்" என்றார்.

மாதக் கடைசிக்குள் வர வேண்டுமே என்று நான் இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு ஜோடி கொண்டுவந்தார். மஞ்சரியை வரச் சொன்னேன். அவள் வரும் வரை பாயும் கடையிலேயே இருந்தார். கட்டு பிரித்திருந்தாள். நகம் இல்லாத விரல் ரோஜா நிறத்தில் இருந்தது.

முதல் ஜோடிக்கு ஹீல்ஸ் அதிகம். போட்டு நின்றாள். நின்றதும் சுவரில் இருந்த காற்றாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "ஐயோ, இதோட போனா கெஸ்ட்டு எல்லாம் நிமிந்துதான் பார்க்கணும்" என்றாள். வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் கழற்றக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஜோடி கறுப்பு, மூடியது, ஹீல்ஸ் ஒரு விரல் உயரம். காலை நுழைக்கவே வேண்டியிருக்கவில்லை. கால் அதுவாக உள்ளே போனது. அவள் எதிர்ப்பை எதிர்பார்த்து அழுத்தியதால் கொஞ்சம் தடுமாறிக்கூடப் போனாள். நம் கடைக் கண்ணாடி உங்களுக்குத் தெரியும், முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் காட்டும். அவள் அதன் முன்னால் போய் நின்றாள். மற்றவர்கள் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தைக் காட்டாத கண்ணாடி ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது போலிருந்தது.

பிறகு ஒரு ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். "பாய், இது லேடீஸ்தானே? நெஜமா சொல்லுங்க."

"லேடீஸ்தாம்மா. ஜெர்மனிக்குப் போக வேண்டியது. இதோ பாருங்க, இந்த எடத்துல தையல் கோணல். அதான் நின்னுடுச்சு."

"அங்க யார்னா ஒரு பொண்ணு இதப் போட்டுக்கினு வேலைக்குப் போயிருப்பா, இல்ல?"

"போயிருப்பாங்க. ஆபீஸு போறவங்களுக்குன்னே பண்றதும்மா."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. வாலிபால் பெண்ணைப் பற்றி நான் சொன்னது அவளுக்குப் போதவில்லை. இது போதுமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கென்று அளவெடுத்துத் தைத்த ஷூ, தனக்குச் சரியாக இருந்தது. அந்த வித்தியாசத்தை நான் இன்னும் முழுதாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து வருகிறவர்களிடம் ஆறுதல் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, சரக்கு தேடுவதைக் கூட்டினேன்.

அதன் பிறகு அவள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து இரண்டு பேர், கோவளத்திலிருந்து ஒருவர், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் திருநங்கை ஒருவர். முதலாளிக்கு முதலில் பயம். "ஃபேமிலி கஸ்டமருங்க இன்னா சொல்வாங்களோ" என்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஷூ விற்றது. விற்றதும் அவருக்குப் பயம் போய் உற்சாகம் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பயத்தைவிட உற்சாகம்தான் கவலையாக இருந்தது.

தனி அலமாரி போட வேண்டும், அதற்கு மேலே ஒரு போர்டு, வாசலில் ஒரு பேனர், திருநங்கைகளுக்குச் சிறப்பு அளவுகள் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம். அவருடைய மருமகன் படம்கூட வரைந்து கொண்டுவந்துவிட்டான். "அந்தப் பொண்ணு மஞ்சரிய நிக்க வெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம். நல்ல எண்ணத்துலதானே செய்றோம்" என்றார். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய பதில். அதனால் அவளிடம் போனில் கேட்டேன்.

"நான் ஷூ வாங்க வந்தேங்க்கா. ஷூ வாங்கிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த போர்டுக்குக் கீழ நிக்கறதுக்கு நான் ரப்பர் செருப்போடவே இருந்துடுவேன்னு சொல்லுங்க" என்றாள்.

முதலாளியிடம் அப்படியே சொன்னேன். முகம் சுருங்கியது. நான் ஒரு யோசனை மட்டும் சொன்னேன். போர்டு வேண்டாம், தனி அலமாரி வேண்டாம். லேடீஸ் வரிசையில் எட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது, அதற்குப் பக்கத்தில் பத்து. வருகிறவர்கள் கண்ணில் படட்டும், யார் எடுக்கிறார்கள் என்று யாரும் பார்க்க வேண்டாம். அரை மனதோடு ஒப்புக்கொண்டார். அந்த வரிசையில் வாங்கியவர்களில் பாதிப் பேர் திருநங்கைகளே இல்லை. கர்ப்பிணிகள், சர்க்கரையால் கால் வீங்கியவர்கள், உயரமான பெண்கள். பொத்தேரிப் பெண் வந்தபோது வழக்கம்போலக் கதவிலிருந்தே கத்தினாள். இருக்கு என்று சதீஷ் சொன்னான். அவள் நம்பவில்லை, போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

கடைசியாக ஒன்று.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன் மகாபலிபுரம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் நடந்தது. மத்தியானச் சாப்பாடு. உள்ளே நுழைந்ததும் மஞ்சரிதான் நின்றுகொண்டிருந்தாள். பச்சைக் கரை போட்ட புடவை, பெயர் பொறித்த பட்டை. அவள் ஒரு ரிசார்ட்டில் வேலை செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அது இந்த ரிசார்ட்தான் என்பது தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள்தான் வேலை கற்றுத் தருகிறாளாம். உள்ளே போன் எடுக்கிற அறைக்கு அதன் பிறகு அவளை யாரும் அனுப்பவில்லை. ஷூ மூன்றாவது ஜோடி ஓடுகிறதாம்.

பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு நடுவில் இருந்த கவுண்டரைக் கவனித்தேன். கறுப்புக் கல் பதித்த பெரிய கவுண்டர். தரையிலிருந்து அவள் மார்பு வரைக்கும் மறைத்தது. அதற்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கால் இருக்கிறதா என்றே இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்குத் தரை தொடும் புடவை வேறு. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, இதுக்குப் பின்னால நின்னா யாரு உன் காலப் பார்க்கப் போறாங்க? அந்த எட்டாம் நம்பரப் போட்டு நகம் பேந்து போனியே, அப்பவும் இதே கவுண்டருதானா?"

"இதேதாங்க்கா."

"அப்ப ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது. மொத நாளு வந்து நின்னப்பவே அது தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

அவள் கவுண்டரின் மேல் இருந்த சாவி அட்டைகளை நேராக அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் குனிஞ்சா எனக்குத் தெரியுமேக்கா."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆட்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மஞ்சரி என் கையை விட்டுவிட்டு, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கை கூப்பி அவர்களை வரவேற்றாள். நான் சாப்பிடப் போனேன்.